பங்குனியில் அடைத்த காற்று

பெற்றோல் வரிசை தண்ணீரூற்றுச் சந்தி தாண்டி
என் ரயர் கடை வாசலை மறித்து
கோயில் மதில்வரை நீண்டிருந்த ஆவணி.
எனக்கென்ன, நல்ல வியாபாரம்.
ஊரே சைக்கிளில் ஏறியிருந்தது.
சில்லுக்குக் காற்றடிக்க இருபது ரூபாய்,
கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும்.

எமில் அண்ணை
கையால் சுற்றும் மூன்றுசில்லு வண்டியில் வந்தார்.
மடியில் ஒன்று, பின்னால் இரண்டு
மஞ்சள் சிலிண்டர்கள்.
கடலட்டைக்கு முழுகவென்று பங்குனியில் நிரப்பியவை.
நிரப்பிய மறுநாள்தான்
பத்தொன்பது பாகத்திலிருந்து அவசரமாய் மேலே வந்தார்.
சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் என்னாகும்,
அதுதான் உங்கள் இரத்தத்திலும் என்றாராம் டொக்டர்.
இடுப்புக்குக் கீழே
அன்றிலிருந்து யாரோ.

"கோமளா, உன்ர நட்டுக் கழட்டுற கன்
காத்திலதானே சுத்துது?"
"ஓம்."
"தான் சுத்துறது நட்டெண்டு அதுக்குத் தெரியுமே?"

மூன்று இரவுகள்.
கன்னுக்குள் இருந்த சுத்தியலைக் கழற்றி எறிந்தேன்.
கரண்ட் வந்த நாற்பது நிமிடத்தில்
அதன் மூக்கில் ஒரு பல்சில்லைப் பற்றவைத்தேன்;
கோணல்தான், ஆனாலும் சங்கிலி ஏறியது.
கடலடியில் அவருக்கு மூச்சை அளந்து கொடுத்த ரெகுலேற்றர்
இனி இரும்புக்கு அளக்கும்.

மாஞ்சோலையில் கிளினிக் நாள்.
வால்வைத் திறந்தார்.
புடையன் சீறுவதுபோல ஒரு சத்தம்,
வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்ப
வண்டி போனது.
புகை இல்லை. மணமில்லை.
நான் பின்னால் சைக்கிளில், சாவியும் குறடுமாக.

அப்போதுதான் கண்டேன்,
காற்று வெளியேறும் குழாயின் வாயில்
வெள்ளையாய் ஏதோ பூக்கிறது.
தொட்டேன். பனி.
சோளகம் புழுதியை வாரி இறைக்கும் வன்னி வெயிலில்
விரல் நுனியில் பனி.
நெருக்கி அடைத்ததைத் திறந்துவிட்டால்
விரிகிறபோது பக்கத்துச் சூட்டையெல்லாம் தின்றுவிடும் என்றார்.
அவருக்கு அது தெரியும். உடம்பால் தெரியும்.

சென்றியில் மறித்தான் ஒரு பெடியன்.
சிலிண்டரைத் தட்டிப் பார்த்தான்.
"பெற்றோல்?"
"ஹுளங்," என்றார் அண்ணை, அவன் மொழியில். காற்று.
நம்பவில்லை.
குழாயில் விரல் வைத்தான், இழுத்தான், திரும்ப வைத்தான்.
பிறகு தொப்பியைக் கழற்றி
அதன் உட்பக்கத்தைக் குழாயடியில் பிடித்தான்,
கொஞ்ச நேரம்.
போட்டுக்கொண்டு, போகச் சொன்னான்.

போக ஒன்றரைச் சிலிண்டர்.
வர ஒன்றரை போதவில்லை.
மூன்றாவது முடிந்த இடம்
சரியாக பெற்றோல் செட்டின் படலை.
"அண்ணை, வரிசையில வாங்கோ!"
"கியூஆர் இருக்கோ?"
அவரும் சிரித்தார்.
நான்கு பேர் இறங்கித் தள்ளினார்கள்,
தங்கள் இடத்துக்குச் செருப்பை வைத்துவிட்டு.

கடற்கரையில் சிலிண்டர் நிரப்பும் மெசின்
டீசலில் ஓடுவது.
காற்றை அடைக்கவும் எண்ணெய் வேண்டும்
என்பதை நாங்கள் இருவரும்
முதல்நாளே அறிந்திருந்தோம்.
ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

என் கொம்பிரசர் எட்டு பாருக்கு மேல் ஏறாது.
அதை அந்த மஞ்சள் சிலிண்டருக்கு அடித்தால்
ரயர் அடுக்கிலிருந்து வீதி ஓரம்வரை வரும்,
அவ்வளவுதான்.

இரவு பத்தரைக்குக் கரண்ட் வரும்.
பத்து இருபதுக்கே
வாசலில் சில்லுச் சத்தம் கேட்கும்.
இருபது ரூபாயை நீட்டுவார்.
வாங்கிக்கொள்வேன்.