ஒரு கண் இருட்டுக்கு

"ராத்திரியில எத்தனை மணி வரைக்கும் போன் பார்ப்பீங்க?"
தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில்
கண் டாக்டரம்மா கேட்டார்.
யானை எத்தனை மணிக்கு வருமோ
அத்தனை மணி வரைக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டார்.

கார்த்திகையில் கேழ்வரகு பால் பிடிக்கும்.
அதிலிருந்து கதிர் களம் சேரும்வரை
எனக்குப் படுக்கை பரண்மேல்தான்.
கையில் டார்ச்சு, மடியில் பட்டாசு,
நெஞ்சுக்கு நேரே இந்தப் போன்.
"யானை உஷார்" என்றொரு குழு,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
நொகனூர்க் காட்டோரம் கிளை முறிந்தால்
லிங்கப்பா தட்டுவான்:
"அஞ்சு. ஒண்ணு குட்டி. ஏரிப் பக்கம்."

பால் கேனோடு விடிகாலை கிளம்பிய ஓபுளேசன்
அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான்
பாதி வழியில் வண்டியைத் திருப்பினான்.
இன்றைக்கும் பால் ஊற்றுகிறான்.
அதனால் போனைப் பற்றி
யாரும் என்னிடம் குறைத்துப் பேசக்கூடாது.

நானே பேசுவேன்.
இமைக்குள் மணல் கொட்டினாற்போல் எரிச்சல்.
விடிந்தும் மடங்காத கட்டைவிரல்.
பிடரியில் ஒரு கல்.
செய்திக்கும் செய்திக்கும் நடுவே
சும்மா இருக்க விடுகிறதா அது?
ஓசூர் ரோஜாவோடு காலை வணக்கம்,
யாரோ ஆடுவது, யாரோ அடிபடுவது,
ராயக்கோட்டையில் தக்காளி பெட்டி என்ன விலை,
"டவர் கதிரால் புற்றுநோய், பத்துப் பேருக்கு அனுப்பவும்."
அதையும் போனில்தான் அனுப்புகிறார்கள்.

பல்லப்பா நிலத்தில் டவர் நட்டபோது
தலை வலிக்குது என்று மனு கொடுத்தவர்
நாராயணரெட்டி.
புயல் மழையில் ரெண்டு நாள் சிக்னல் செத்தபோது
முதலில் கத்தியவரும் அவரே.

நிஜமாவே புற்று வருமா என்று
டாக்டரம்மாவிடமே கேட்டேன்.
"வரும்னு உறுதியாச் சொல்ல இதுவரைக்கும் சான்று இல்ல.
தூக்கம் போனா என்ன வரும்னு சொல்லட்டுமா?
கையை நீட்டுங்க."
நூற்றைம்பதைத் தாண்டி நின்றது பிரஷர்.

அவரிடம் சொல்லாத ஒன்று.

மார்கழித் தேய்பிறை. மூன்று மணி இருக்கும்.
போன் அதிர்ந்தது.
"ஒத்தை. கொம்பன். திம்மராயன் கொல்லைப் பக்கம்."
திம்மராயன் நான்தான்.

நிமிர்ந்தேன்.
அந்தச் சின்னச் சதுரம் மட்டும்
கண்ணுக்குள் பச்சையாய் மிதந்தது.
காடு இல்லை. வேலி இல்லை.
நீட்டிய என் கை இல்லை.
வாசனை வந்தது,
ஈரச் சாணமும் கசக்கின தழையும்.
பரணுக்கு அடியில்
கதிர் உருவும் சத்தம், அவசரமே இல்லாமல்.

வருகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டு
பார்க்கிற கண்ணை வாங்கிக்கொண்டது போன்.

குப்புறப் போட்டேன். மூச்சை எண்ணினேன்.
முப்பதிலோ நாற்பதிலோ
இருட்டில் ஒரு பகுதி முதுகாயிற்று,
பிறகு காதாயிற்று,
பிறகு வெள்ளையாய் இரண்டு கோடு,
என் காலுக்கு ஒரு முழம் கீழே.

அரை ஏக்கர் தின்றது. போயிற்று.
குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்,
"இப்ப எங்க? இப்ப எங்க?"
பதில் தட்ட
விடிந்தபிறகுதான் விரல் வந்தது.

சொட்டு மருந்து. மாத்திரை.
ஆறு மணி நேரம் தூங்கியே ஆகணும் என்று ஒரு வரி,
அடிக்கோடு போட்டு.
இன்னும் அறுக்காத மிச்சத்துக்கு
நாகவேணி முறை பிரித்தாள்:
பன்னிரண்டு வரை நான்,
அப்புறம் அவள். போனும் அவளிடம்.

நேற்று பாதித் தூக்கத்தில் பார்த்தேன்.
செய்தி வந்ததும்
உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
மறு கண்ணால் படித்தாள்.
"எதுக்குடி அப்படி?"
"ஒண்ணு செய்திக்கு" என்றாள்.

இன்னொண்ணு?

அதற்குள் கையை எடுத்துவிட்டு
காட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள்.