லிஃப்ட் காசு

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
மேலே போகக் காசு கேட்கும்.
பத்து டெட்ரி.
இறங்குவதென்றால் ஒன்றும் வேண்டாம்.
வீடு ஒன்பதாம் மாடி.
பட்டம் வாங்கிய ஜூலையிலிருந்து
நான் படியேறிக்கொண்டிருக்கிறேன்.

நாலில் கத்தரிக்காய் வதங்கும் வாசம்.
ஆறில் யாரோ பியானோவில்
ஒரே பிழையை நாள்தோறும் பழகுகிறார்கள்.
ஏழில் நின்று மூச்சு வாங்கினால்
சன்னலுக்கு வெளியே க்ல்தானி முழுதும்
துணி காயப் போட்டிருக்கும்.

மண்ணியல் படித்தேன்.
களியா வண்டலா என்று
கண்ணை மூடி விரலால் சொல்வேன்.
திபிலிசி முழுக்கத் தார் போட்டாயிற்று.

செவ்வாயன்று ஒரு நேர்முகம்.
இணையச் சூதாட்ட நிறுவனம், இரவுப் பணி,
தோற்றவர்கள் எழுதும் வசவுகளுக்கு
பணிவாகப் பதில் போட வேண்டும்.
ஐந்து ஆண்டு கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றாள்
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
என்னை நான் பார்த்தே மூன்று வாரமாகிறது,
குளியலறை பல்பு போய்விட்டது
என்று சொல்லவில்லை.
வளர்ச்சி என்றேன். குழு என்றேன்.
அவளும் பாவம், எழுதிக்கொண்டாள்.

மெட்ரோ வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு
காதில் மஞ்சள் வில்லை.
நகராட்சி ஊசி போட்டு, எண் கொடுத்து,
இது நம்முடையது என்று எழுதிவைத்திருக்கிறது.
நாற்பத்தொரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன்.
கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை.
ரொட்டியின் முனையை அதற்குப் பிட்டுப் போட்டேன்.
முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.
அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாலை ஐந்துக்கு அம்மா பேசுவாள்
இத்தாலியிலிருந்து.
அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி
மதியத் தூக்கத்தில் இருக்கும் நேரம் அது.
அதனால் ஆறு ஆண்டாக
அம்மா எனக்குக் கிசுகிசுப்பாகவே இருக்கிறாள்.
நீலச் சட்டை போட்டாயா.
போட்டேன்.
வேலை?
பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.
யார் பார்ப்பது, எதை, எப்போது
இதெல்லாம் அவளும் கேட்பதில்லை.

இன்று லிஃப்ட் வாசலில் மக்வாலா அம்மையார்,
இரண்டு கையிலும் சீமைப் பனிச்சைப் பழம்.
ஏறு, உனக்கும் சேர்த்துத்தான் போட்டேன் என்றார்.
ஒரே காசுதான், எத்தனை பேர் ஏறினாலும்,
இருந்தாலும் அப்படித்தான் சொன்னார்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
அது நின்றுவிட்டது.

நான்கு மாதமாகப் படிக்கட்டில் தப்பித்த
எல்லாக் கேள்விகளும்
அந்தப் பெட்டிக்குள் எனக்காகக் காத்திருந்தன.
பெண் பார்க்கிறார்களா. அம்மா எப்போது வருவாள்.
மண்ணைப் படித்து என்ன செய்வது.
ஆளுக்கு இரண்டு பழம் தின்றோம்.
கனிந்த பழம், கை துடைக்க இடமில்லை.
கதவிடுக்கில் ஐந்தாம் மாடியின் கால்மிதி
கண் மட்டத்தில் தெரிந்தது.
அதில் நல்வரவு என்று எழுதியிருந்தது.

அவ்தாந்தில் என்ற மெக்கானிக் வந்து
எங்களைத் தூக்கி எடுத்தார்.
நான் போகாமல் நின்றேன்.
டார்ச்சைப் பிடி என்றார்.
படித்த பிள்ளையா?
அப்படியானால் ஆட்டாமல் பிடி.

நாற்பது நிமிடம்.
கம்பி வடம், பல்சக்கரம், கருத்த கிரீஸ்.
காசுப் பெட்டியைத் திறந்தால்
நடுவில் சிக்கியிருந்தது ஒரு சட்டைப் பொத்தான்.
யாரோ மேலே போகப் பார்த்திருக்கிறார்கள்.
நான் குனிந்து
என் சட்டையை ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.

கிளம்பும்போது கேட்டார்:
நாளைக்குச் சும்மாதானே?
பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு நிற்கிறது.
அந்தச் சும்மாவை
இத்தனை மரியாதையாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஐந்து மணி.
வேலை? என்றாள் அம்மா.
செய்கிறது என்றேன்.
எது?
லிஃப்ட்.

ஒரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.
அவளுக்குப் பின்னால் எங்கோ
கிழவி விழித்துக்கொண்டு
யாரது, யாரது என்று
இத்தாலிய மொழியில் கேட்டாள்.