நிரப்பி

தார்த்து நகரம், ஏப்ரல்.
ஆற்றில் கடைசிப் பனிப்பாளங்கள் உரசும் சத்தம்
ஆய்வகத்தின் இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை.

தகட்டில் பெயர் கிடையாது. எண் மட்டும்.
ஆனால் சாரெமா தீவிலிருந்து இந்த வாரம் வந்தது ஒன்றுதான்.
ஆர்வோ கீஸ்க், ஐம்பத்தொன்று,
படகுத்துறையில் வண்டிகளைக் கைகாட்டி ஏற்றுகிறவன்.
போன கோடையில் என் காரையும் ஏற்றினான்:
வா, வா, இன்னும் கொஞ்சம்,
போதும்.
உள்ளங்கை நிமிர்ந்தபோது
முன்னால் நின்ற லாரிக்கும் எனக்கும் நான்கு விரல் இடைவெளி.

வைரஸைத் தேடினேன்.
இந்த நுரையீரல் துணுக்கில் அது அநேகமாக இல்லை.
தீ வைத்தவன் ஊரைவிட்டே போயிருந்தான்.
கிடைத்தது பழுப்பு.
நுண்குழாய்ச் சுவர் நெடுக, ஆறிய காப்பியின் வளையம்போல,
அவனுடைய சொந்த ரத்தத்தின் புரதம்.

நிரப்பி என்று அதற்குப் பெயர்.
செய்வதென்னவோ துளையிடுவது.
ஒன்று உடையும், உடைந்த துண்டு அடுத்ததை உடைக்கும்,
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு,
பிறகு ஒன்பதாம் எண்காரர்கள் கூட்டமாய் வந்து
வட்டம் கட்டி நிற்பார்கள்.
வட்டத்தின் நடுவே ஓட்டை.

எதுவும் நடக்காத நாளிலும் அது முழுசாய்த் தூங்காது,
தன்னைத் தானே கொஞ்சம் உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.
முகம் தெரியாது. நினைவு கிடையாது.
தொட்டதில் ஒட்டும்.
நம் செல்களின்மேல் மட்டும் இன்னொரு புரதம் உட்கார்ந்து
போதும் என்று கை நிமிர்த்துகிறது.
கிருமியின் முள்
அந்தக் கையைத் தள்ளிவிட்டு அங்கே உட்காருவதாகச் சிலர் எழுதுகிறார்கள்.
எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

சாயங்காலம் மைமு கூப்பிட்டாள். அவன் மனைவி.
என் எண் யார் கொடுத்தார்களோ.
நான் பேசக் கூடாது. பேசினேன்.
"அவர் உடம்பு சண்டை போட்டதா,
இல்லை விட்டுக்கொடுத்துவிட்டதா?
அதைமட்டும் சொல்லுங்கள்."
போட்டது என்றேன்.
"பிடிவாதக்காரர்," என்றாள். குரலில் பெருமை.
மீதியை நான் சொல்லவில்லை.
அவள் பின்னால் ஒரு கெண்டி கூவிக்கொண்டே இருந்தது,
யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அடுத்த தகடு. எண் நாற்பத்திரண்டு.
சாயத்தை ஊற்றுகிறேன். பழுப்பு மெல்ல எழும்புகிறது.
பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டு நிறுத்த வேண்டும்.
விட்டுவிட்டால்
நல்லது கெட்டது எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்.
கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்,
ஒரு கையில் தண்ணீர்க் குப்பி,
மற்றக் கை
ஏனோ நிமிர்ந்து.