வரிக்கு மூன்று சென்ட்

ஆண்டுமலரில் ஆளுக்கு நான்கு வரி.
மேலே போனால் வரிக்கு மூன்று சென்ட்
என்று அச்சகத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.
வட டகோட்டா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மே மாதம்.
ஒன்பது பேர் தேறி வெளியேறுகிறோம்.
எழுதும் வேலை என் தலையில்,
தட்டச்சு தெரிந்த குற்றத்துக்காக.

நான்கு வரியில் அடங்குகிற ஆளா ஆன்ஸ்கர் ட்வைட்?
ஆறடி மூன்றங்குலம், வளர்ச்சி இன்னும் பாக்கி.
பந்தைக் கூடைக்குள் எறியமாட்டான்,
வைப்பான்,
சந்தைக்குப் போகிற முட்டையை வைப்பதுபோல.
லத்தீன் வகுப்பில் அவன் எழுந்து நின்றால்
பின்வரிசைக்கு அன்று விடுமுறை.
வாயைத் திறந்தான் என்றால்
மிஸ் ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொள்வார்;
ரோமாபுரி இன்னொரு தடவை விழும்.

ஒட்டீலி பிரான்டலுக்குச் சிரிக்கத் தெரியும்,
நிறுத்தத் தெரியாது.
மேயரின் இறுதிச் சடங்கன்று
தேவாலயத்துக்குள் ஒரு கோழி வந்தது.
கோழியை ஊர் மன்னித்துவிட்டது.

ஆர்டிஸ், ஆவிஸ், லிண்ட்குவிஸ்ட் இரட்டையர்.
ஜியோமிதியை இரண்டு பேருக்கும் ஒருத்தி எழுதினாள்,
சரித்திரத்தை இன்னொருத்தி.
தலைமையாசிரியர் விட்கம்ப் இந்த வரியை அடித்துவிட்டார்.
அடிப்பதற்கு முன் இரண்டு முறை படித்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:
"இதில் ஆர்டிஸ் எது?"

ருடால்ஃப் எங்ஸ்ட்ரம் கார்னெட் வாசிப்பான்.
ஒரே பாட்டு, அதிலும் பாதி.
மீதியைத் தெரு நாய்கள் முடித்துவைக்கும்.

கார்டீலியா பெட்டிபோன் பாரிஸுக்குப் போகிறாள்,
போன வருடத்திலிருந்து.
மூட்டை கட்டியாகிவிட்டது,
எங்கள் ஊர் ரயில்தான் அந்தப் பக்கம் போவதில்லை.
அதுவரை அப்பாவின் கடையில்
மண்ணெண்ணெய் அளந்து ஊற்றி,
சில்லறையோடு ஒரு 'மெர்சி' தருகிறாள்.

போஹுமில் கிரெய்ச்சி
ஒன்பது மைல் குதிரையில் வந்து படித்தவன்.
நான்கு வருடம், பனியிலும் புயலிலும்,
எங்கள் யாரையும்விட நாள் தவறாமல் வந்தது
டியூக் என்ற அந்தக் குதிரை.
அதற்கும் சான்றிதழ் தர வேண்டுமென்று தீர்மானம் போட்டோம்.
எட்டுப் பேர் கை தூக்கினோம்.
போஹுமில் தூக்கவில்லை:
"கணக்கில் அது கொஞ்சம் மந்தம்."

இங்கிலீஷை அவன் கற்றது
விதைக் கம்பெனி விலைப்பட்டியலில்.
ஒட்டீலியை நடனத்துக்கு அழைக்கப் போய்,
தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு
"நீ உறைபனி தாங்கும் உயர்ந்த ரகம்" என்றானாம்.
அவள் சிரிக்கவில்லை.
பள்ளி வரலாற்றில் ஒட்டீலி சிரிக்காத நாள் அது ஒன்றுதான்.

லீலண்ட் ஃப்ரை. அவன் அப்பாவின் ஃபோர்டு கார்.
அதில் ஏறிப் போனவர்களைவிட
இறங்கித் தள்ளியவர்கள் அதிகம்.
நானும் தள்ளியிருக்கிறேன்,
மார்ச் மாதச் சேற்றில், இருப்பதில் நல்ல காலணியோடு.
கிளம்பிய வேகத்தில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
இதை விட்கம்ப் அடிக்கவில்லை.
நானே எழுதவில்லை.

பத்தாவதாக ஒருவன் இருந்தான்.
பிப்ரவரியில் அவன் அப்பா படுத்த படுக்கையானார்;
மாடுகள் தேர்வு முடியும்வரை பொறுக்கவில்லை.
தேறாதவனுக்கு மலரில் இடமில்லை என்றார்கள்.
சரி, வரிக்கு மூன்று சென்ட்தானே என்று நானே எழுதினேன்:

எமில் ஷ்மால்ட்ஸ். பள்ளி மணியின் நாக்கைக்
கழற்றி ஒளித்தவன். அன்று மதியம் முழுக்க
ஊரில் நேரமே இல்லை, யாரும் எங்கும் தாமதமில்லை.
அந்த நாக்கு இன்றுவரை அகப்படவில்லை.

பன்னிரண்டு சென்ட்.

கடைசியில் என் முறை வந்தது.
'வில்மா ஹோக்லண்ட்.
தட்டச்சு தெரியும்.'
இரண்டு வரி மிச்சம். எமில் கணக்கில் வரவு வைத்தேன்.

அச்சகத்துக்குப் பாக்கி, ஆறு சென்ட்.