இருநூற்றுப் பன்னிரண்டு

வேலூரில் கடல் இல்லை.
இருக்கிற ஆறும் மணலைத்தான் அனுப்புகிறது,
அதுவும் லாரியில்.
ஆனாலும் எங்கள் விலங்கியல் துறையில்
பாச்சா உருண்டை நெடியடிக்கும் மூன்றாவது பீரோவில்
எட்டு இழுப்பறை நிறையக் கடல்.

ஜேசுதாசன் பொன்னையா சேர்த்தது.
முப்பத்தாறாம் வருஷம்
பாலாறு கடலைத் தொடுகிற வயலூர்க் கழிமுகத்தில்
ஒரே காலையில் பொறுக்கிய பொத்தான் நத்தைகள்.
சட்டைப் பொத்தான் அளவு, அதே வழுவழுப்பு.
ஆறு இறங்கிப்போன திசைக்கு எதிராக
ரயிலேறிக் காட்பாடி வந்து சேர்ந்தவை.
நிறம் பார்த்து, வரி பார்த்து, முதுகு மேடு பார்த்து
பதினான்கு சிற்றினம் ஆக்கினார்.
பதினான்கு அட்டைப்பெட்டி. பச்சை மையில்
பதினான்கு லத்தீன் பெயர்.
அதில் ஒன்று அவர் மனைவி சுகிர்தம்,
வால் மட்டும் லத்தீன்.

மே மாதம், வெயில் நூற்றெட்டு.
அட்டெண்டர் கோட்டீஸ்வரி பல்லியை விரட்டியதில்
தட்டு கவிழ்ந்தது.
பெரிய சத்தமில்லை,
பொரி கொட்டின மாதிரி.
"எண்ணி வெச்சிடலாம் மேடம்."
எண்ணினோம். இருநூற்றுப் பன்னிரண்டு,
பதிவேட்டில் உள்ளபடி.

பிரிப்பதுதான் முடியவில்லை.
ரோஜாவை இங்கே, சாம்பலை அங்கே.
ரோஜாவில் சாம்பல் வரி ஓடினதை?
இதற்கும் அதற்கும் நடுவே ஒன்று;
அந்த ஒன்றுக்கும் இதற்கும் நடுவே
இன்னொன்று, வெட்கமேயில்லாமல்.
சாயங்காலம் தரையில் பெட்டி இல்லை,
ஒரு வரிசை இருந்தது:
ஜன்னலடியில் வெள்ளையாகக் கிளம்பி
கதவருகே கரும்பழுப்பாய் முடிகிற வரிசை.
இரண்டு முனைகளும்
ஒன்றையொன்று தெரியாது என்று சொல்லும்.
நடுவில் எங்கேயும் கத்தி வைக்க இடமில்லை.

"எல்லாம் ஒரே சாதியா மேடம்?"
சிற்றினம், என்று திருத்தினேன்.
எதற்குத் திருத்தினேன் என்று தெரியவில்லை.
மகனுக்குச் சான்றிதழ் வாங்க
தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தவள் அவள்.
அப்பா ஒரு பெட்டி, அம்மா ஒரு பெட்டி;
பையனுக்கு எந்தப் பெட்டி என்று
கிளார்க் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டியதை
நடித்தே காட்டியிருக்கிறாள்.

பிறகு பீரோ மேலிருந்த சங்கை எடுத்தாள்.
"இதுல வலச்சுழின்னு எழுதியிருக்கு.
எங்கூட்டு சாமி ரூம்ல இதேதான் இருக்கு,
இடம்புரி."
இரண்டும் சரிதான்.
புத்தகம் சங்கின் கொண்டையை மேலே வைத்துப் பார்க்கிறது,
பூசை கொண்டையைக் கீழே வைத்து.
சங்கு தன்பாட்டுக்கு
ஒரு பக்கம்தான் சுழன்றது.
அவள் அதை நாலு தடவை தலைகீழாக்கிப் பார்த்துவிட்டு
"அட, திருடா" என்றாள் சங்கிடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
ஆறு வருஷம் முன்பே கடிதம் வந்தாயிற்று:
பதினான்கும் ஒன்றே, பழைய பெயரே செல்லும்,
சீட்டுகளை மாற்றவும்.
நான்தான் மேசை உள்ளறையில் வைத்திருந்தேன்.
பல்லிமேல் பழி போட்டு
அன்றைக்கு மாற்றினேன்.
ஒரு பெரிய தட்டு, ஒரு சீட்டு, ஒரு பெயர்.
கீழே பொடி எழுத்தில் செல்லாத பெயர்கள்;
தூக்கியெறியக் கூடாது என்பது விதி.
சுகிர்தம் ஒன்பதாவது.
அந்தப் பெட்டியில் இருந்தவை எவை என்று
இனி யாராலும் சொல்ல முடியாது.
இருநூற்றுப் பன்னிரண்டில்
எதை எடுத்தாலும் அவளாக இருக்கலாம்.

திங்கட்கிழமை கோட்டீஸ்வரி
துடைப்பத்தில் சிக்கினதாக ஒன்றைக் கொண்டுவந்தாள்.
கணக்கில் இல்லாதது.
கோடை மணல் நிறம், ஓரத்தில் சின்ன உடைசல்.
பதிவேட்டைத் திறந்து கொஞ்சநேரம் பார்த்தேன்.
அதற்குள் அவள் அதை
நாற்பதாவதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே
வைத்துவிட்டு
டீ வாங்கப் போய்விட்டாள்.