உறை எண் பதினேழு

கச்சான் காற்று மழையை எல்லாம்
மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு இங்கே வருகிற மாதம்.
நுவரெலியாவில் குடை. வெலிமடையில் புழுதி.
உமா ஓயாவுக்கு மேலே
மானாப்புல் வெளுத்துக் கிடந்த சரிவில்
நானும் ரிஸ்மியாவும்
கிளாச் செடியிடம் இலை கேட்டுப் போனோம்.

முள்ளைத்தான் முதலில் தந்தது.

செடிக்கு மூன்று இலை.
சிலிக்கா மணி போட்ட காகித உறை,
பென்சிலால் எண், உயரம், சரிவு பார்க்கும் திசை.
வறட்சிக்கு ஈடுகொடுக்கவென்றே
தோல் தடித்துப் பிறந்த இலையை
ஒரே இரவில் காயவைப்பது எங்கள் வேலை.
வேன் ஓட்டும் சுமதிபால
நிழல் தேடிப் பார்த்துவிட்டு
வேனுக்கு அடியிலேயே படுத்துவிட்டார்.

இலைக்குள் பச்சை மணிகள்.
ஒவ்வொன்றிலும் வட்டமாக எழுதிய ஒரு சுவடி,
தொடக்கம் எதுவென்று
நாம்தான் ஓரிடத்தில் விரல் வைக்கவேண்டும்.
நாலே எழுத்து, ஒன்றரை இலட்சம் தரத்துக்கும் மேல்.
ஒரு பகுதி மட்டும் இரண்டு முறை,
இரண்டாவது தலைகீழாக,
அலை அடங்கிய குளத்தில் கரை தெரிவது மாதிரி.
அந்தக் கரையோரம் ஒரு மரபணு
பாதி வசனத்தில் நிற்கிறது.
யாரோ கூப்பிட எழுந்து போயிருக்கும்.

வெளியிலிருந்து வந்ததுதான் அதுவும்.
நூறு கோடி வருடத்துக்கு முன்போ அதற்கும் முன்போ
விழுங்கியது ஒரு வாய்;
செரிக்கவில்லை.
தன் ஏடுகளில் முக்கால்வாசியைக்
கருவிடம் ஒப்படைத்துவிட்டு
மிச்சத்தை வைத்துக்கொண்டு
இன்னும் அங்கேயே
வெயிலைச் சமைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்
ஒரு விண்ணப்பத்தின் பிரதி இருக்கிறது.
தகப்பன் பிறந்த இடம்.
தகப்பனுக்குத் தகப்பன் பிறந்த இடம்.
தாய்க்கு அதில் கட்டமே இல்லை.
கிளாச் செடிக்குப் பச்சையம்
தாய் வழியில் மட்டுமே வரும்,
மகரந்தம் எந்தச் சரிவிலிருந்து வந்தாலும் சரி.
இதை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு
அடித்தேன். பொருத்தமில்லை.

அக்டோபரில் கொரியாவிலிருந்து முடிவுகள் வந்தன.
நாற்பது உறை, நாற்பது வட்டம்.
சின்ன இலைச் செடிகள் ஒரு கிளை,
கவட்டை முள்காரிகள் மறு கிளை.
பதினேழு மட்டும்
முள்ளால் இந்தப் பக்கம்,
பச்சையத்தால் அந்தப் பக்கம்.

“உறை மாறியிருக்கும்,” என்றாள் ரிஸ்மியா.
“என் பென்சில் மாறாது,” என்றேன்.
அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
தேநீர் மட்டும்
இரண்டு கோப்பை ஊற்றினாள்.

திரும்பப் போனோம்.
வீதி அகலமாக்குகிறவர்கள்
செடியை அடியோடு வெட்டியிருந்தார்கள்.
வெட்டிய கட்டையில் பால் உறைந்து
அதன் பக்கத்திலேயே
விரல் நீளத்துக்கு ஏழு துளிர்.
மூன்றை எடுத்தோம். மறுபடி அனுப்பினோம்.
மறுபடியும் அதே வட்டம்,
எழுத்துக்கு எழுத்து.

அப்படியானால், எப்போதோ ஒரு மழைக்காலத்தில்
இரண்டு இனமும் ஒரே சரிவில் பூத்திருக்கவேண்டும்.
அந்தக் கலப்பில் பிறந்தவை
தந்தை இனத்தோடே தலைமுறை தலைமுறையாகக் கூடி
முள்ளும் முகமும் அந்தப் பக்கமாகிவிட்டன.
முதல் தாயின் வட்டம் மட்டும் தங்கிவிட்டது.
ஒரே தாளில் இரண்டு வம்சமரம் வரைந்தோம்.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.
இரண்டும் பிழையில்லை.

“அப்ப இது எந்தச் செடி, மிஸ்?”
சுமதிபால எட்டி, மேட்டில் நின்ற இன்னொரு புதரில்
கறுத்த பழம் ஒன்றைப் பறித்தார்.
நான் கிளா என்றேன்.
அவர் கரம்ப என்றார்.
ரிஸ்மியா இலத்தீனில் தொடங்கி
முடிக்காமல் விட்டாள்.

பழம் நல்ல புளிப்பு.
உதட்டில் பால் ஒட்டி
பதுளை வரைக்கும்
மூன்று பேருக்கும் வாய் பிசுபிசுத்தது.