எண்பது மில்லி

கொக்குவில் மேற்கில் வீடு வீடாய்ப் போய்
கரண்டு மீற்றர் வாசிக்கிறவன் நான்.
எண்களில் பிழை விடமாட்டேன்.
பதினாலு வருசம் கந்தசஷ்டி பிடித்தேன்.
ஆறு நாளும் பின்னேரத்தில் ஒரு மிடறு
தேசிக்காய்த் தண்ணி, அவ்வளவுதான்.
ஆரும் கேட்காமலே சொல்லுவேன் அதை.

இந்த முறை மூன்றாம் நாள் விடிய
சாமியறை வாசலில் சத்தி எடுத்தாள் யதுர்சிகா.
இரண்டு நாள் காய்ச்சல்.
ஈர வேட்டியோடு நின்று
"வேற இடம் கிடைக்கேல்லையோ உனக்கு?"
என்று கத்தினேன்.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தது வதனி.
நான் தொடவில்லை.
முழுகியிருந்தேன்.

பெரியாஸ்பத்திரி, பிள்ளைகள் விடுதி,
நுளம்பு வலைக்குள் அவள்.
மடியில் கைக்குழந்தை, வதனிக்கு வர ஏலாது.
நேர்ஸிடம் கெஞ்சி நான் நின்றேன்,
தாய்மாருக்கு நடுவில் ஒரு மீசை.

கையில் ஒரு தாள் தந்தார்கள்.
'உள்ளே' என்று ஒரு நிரல்,
'வெளியே' என்று ஒரு நிரல்.
மணிக்கு அறுபது மில்லி குடிக்க வேண்டும்,
சலம் போனால் அளந்து எழுத வேண்டும்.
எழுத்து வடிவாய் இருக்கிறதென்றார் டொக்டர்.
தொழில் அப்படி என்றேன்.

பக்கத்துக் கட்டில் பௌமியா,
அஞ்சுசந்தி ஆள், பணிஸ் நீட்டினாள்.
விரதம் என்றேன்.
"பிள்ளைக்கு வருத்தமெண்டா
நாங்க நோன்பைப் பிறகும் பிடிப்பம்."
"எங்கட கணக்கில பிறகு எண்டு இல்லை."
அவள் பணிஸைத் தன் மகனுக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் இரவு.
பிளேற்லெற் நாற்பத்தொன்று,
பிறகு இருபத்தொன்பது.
ஜீவனிக் கோப்பையைத் தள்ளிவிட்டாள் பிள்ளை.
"அப்பா குடிச்சாத்தான் நான் குடிப்பன்."
கோப்பையை உதட்டில் வைத்து எடுத்தேன்.
ஊசி குத்தி வீங்கிய கையைத் தூக்கி
என் கழுத்தைக் காட்டினாள்:
"தொண்டை அசையேல்லை."

எத்தனை தரம் தொண்டை அசையாமல்
தேவாரம் பாடியிருப்பேன் என்று
அப்போது நினைத்ததாய் எழுதினால் பொய்.
அப்போது நினைத்தது ஒன்றுதான்:
மணி இரண்டு பத்து,
இரண்டு மணிக்குரிய கட்டம் வெறுமை.

குடித்தேன்.
உப்பும் இனிப்புமாய் இறங்கியது.
கூரை இடியவில்லை.
மின்விசிறி அதே கிறீச்சோடு சுற்றியது.
அவளும் குடித்தாள், முகத்தைச் சுழித்து,
ஒரு மிடறு எனக்கு, ஒரு மிடறு தனக்கு
என்று முறை வைத்து.

விடிய முன்னம் "அப்பா, சலம்" என்றாள்.
பிளாஸ்ரிக் குவளையைப் பிடித்தேன்.
என் விரல்களில் சூடாய் வழிந்தது கொஞ்சம்.
முழுக வேண்டும் என்று தோன்றவேயில்லை.
லைற்றுக்கு நேரே தூக்கி,
கோட்டுக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன்.
எண்பது.
என் ஆயுளில் இத்தனை கவனமாய்
ஒரு தீபத்தையும் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் பின்னேரம்
எங்கோ மேளம் கேட்டது,
சூரன் விழுந்திருப்பான்.
எனக்கு டொக்டர் வாயிலிருந்து ஓர் எண் தேவைப்பட்டது.
ஐம்பத்திரண்டு.
பௌமியாவிடம் பணிஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த கிழமை
சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.
சிரட்டை இல்லை, டயர் இல்லை,
பீலியில் சருகு இல்லை.
"சாமியறை?" என்றார்.
"அங்க ஒண்டும் இராது" என்றேன்.
கீரிமலைத் தீர்த்தம் விட்டுப் பூப் போட்ட
கண்ணாடிச் சாடி.
தண்ணியை மாற்றக் கூடாது என்பது
இந்த வீட்டில் என் சட்டம்.
ரோச் அடித்தார்.
"ஐயா, இஞ்ச பாருங்கோ."
நெளிந்தன,
தலைகீழாய்த் தொங்கின,
என் பக்தி தின்று வளர்ந்தவை.

படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.
அவர் போன பிறகு சாடியை முற்றத்தில் கவிழ்த்தேன்.
வதனி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

எத்தனை வருசம் பிடிக்கிறீர் என்று
கோயிலடியில் இப்போதும் கேட்கிறார்கள்.
பதினாலு என்று சொல்ல வாயெடுத்து
நிறுத்திவிடுகிறேன்.
இந்த வருசத்தை எழுத
எந்த நிரல் என்று தெரியவில்லை.

காலையில் தேத்தண்ணி குடிக்கிறபோது
பள்ளிக்கூடச் சட்டையோடு முன்னால் வந்து நிற்கிறாள்.
என் கழுத்தையே பார்க்கிறாள்.
"ம்," என்கிறாள்,
"அசையுது."